எரிக்காமல் விட்ட அரளித்தழை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரைத் தாண்டி ஒரு புது சைட்டில் வீடு கட்டிக் குடிபோனோம். என் கணவர் மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் போர்மேன். நான் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் டீச்சர். பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் அப்பா வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று தனியாக ஒரு வேலையே கிடையாது. குச்சியை ஊன்றினால் அது பாட்டுக்கு வளரும். அந்தத் திமிரோடுதான் இந்த மேட்டு நிலத்துக்கு வந்தேன்.

இங்கே போர் போட்டால் நானூறடிக்குக் கீழே உப்புத் தண்ணீர். குடத்தில் ஒரு நாள் நின்றால் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். குடிதண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வரும். அதைச் செடிக்கு ஊற்ற மனசு வராது. அப்பா வீட்டிலிருந்து கொண்டு வந்த குண்டுமல்லி ஒரு மாதம் இருந்தது. ரோஜா இருபது நாள். செம்பருத்தி மட்டும் ஒரு சித்திரை வரைக்கும் இழுத்துக்கொண்டு கிடந்து, இலை ஓரமெல்லாம் கருகி, ஒரு காலையில் பார்த்தால் வெறும் குச்சி. அதைப் பிடுங்கி எறியும்போது அழுதேன். "செடிக்குப் போயி அழுவாங்களா?" என்றார் என் கணவர். அவருக்குச் செடி கொடியில் ஆசையில்லை. வீட்டைச் சுற்றி மூன்று பக்கம் சுவர் எழுப்பிவிட்டு, கிழக்குப் பக்கம் கம்பிவேலி போட்டதோடு நிறுத்தியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் காலி சைட், பார்த்தீனியமும் கோரையும் மண்டிக் கிடக்கும்.

எங்களுக்குப் பால் ஊற்றியவர் ஒரு அக்கா. சைட்டுகளுக்கு அப்பால் இருந்த ஓட்டுவீட்டு வரிசையில் குடியிருந்தார். ஒரே ஒரு கறவை மாடு. அந்தப் பாலை நாலு வீட்டுக்கு ஊற்றித்தான் குடும்பம் நடந்தது. அவர் கணவர், எங்கள் வீடு நிற்கிற மண்ணிலேயே, அது காடாக இருந்தபோது கூலிக்கு உழுதவர். எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் சுக்கான்கல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். முன்பு நன்றாகக் குடித்தவராம். பழனிக்கு மாலை போட்டு நடந்து போய் வந்த வருஷத்திலிருந்து தொடுவதில்லை. கழுத்தில் அந்தத் துளசிமாலை எப்போதும் கிடக்கும். அக்கா அதைப் பெருமையாகச் சொல்வார், ஆனாலும் சொல்லும்போது குரலில் ஒரு பயம் இருக்கும்.

செம்பருத்தி செத்த நாளில் அக்காதான் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அம்மிணி, இந்தத் தண்ணிக்கு நீங்க எதை வெச்சாலும் போயிருமுங்க. அரளி வெச்சுப் பாருங்க. வெயிலு ஒண்ணும் பண்ணாது, உப்பும் ஒண்ணும் பண்ணாது. வருசம் பூரா பச்சையா நிக்குமுங்க."

"ஊட்டுல அரளி வெக்கக் கூடாதும்பாங்களேங்க" என்றேன்.

"கோயிலுக்கு மட்டும் அந்தப் பூ ஆவுதுங்களா?" என்று சிரித்தார்.

ஐப்பசி மழையில் எங்கிருந்தோ ஒரு கட்டு செவ்வரளிக் குச்சி கொண்டு வந்தார். விரல் தடிமன், முழ நீளம். அடியிலிருந்த இலைகளை உருவிவிட்டு, வேலியோரம் இரண்டடிக்கு ஒன்றாகச் சாய்த்து ஊன்றினார். குழியில் போட்டது அவர்கள் மாட்டின் மக்கிய சாணம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். என்னையும் கழுவச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறனுங்க அம்மிணி. பச்சையா இருக்கறப்ப ஆடு மாடு இதைக் கடிக்காதுங்க, கசப்பு. வெட்டிப் போட்டுக் காஞ்சுபோச்சுன்னா அந்தக் கசப்பு அதுக்குத் தெரியாது. தின்னுபோடும். ஒரு கை தழை போதும், மாடு போயிரும். எப்ப வெட்டுனாலும் தழையை எரிச்சுப்போடுங்க."

"சரிங்க" என்றேன். நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். இதை எழுதும்போது அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் மாதம் குச்சிகள் வெறுமனே நின்றன. பிறகு கணுவில் பச்சை தெரிந்தது. அடுத்த கோடையில் மழையே இல்லை. வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவிய தண்ணீர்தான். அப்படியும் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. மூன்றாம் வருஷம் கம்பிவேலியே தெரியாமல் தலைக்கு மேல் வளர்ந்து, கொத்துக் கொத்தாக ரோஸ் நிறப் பூ. தெருவில் வேறு எந்த வீட்டிலும் பச்சையே கிடையாது. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை அக்கா பால் ஊற்ற வரும்போது ஒரு கூடை பூ பறித்து, அம்மன் கோயிலுக்கு எடுத்துப்போவார். எனக்கு அந்த வேலியைப் பார்த்தால் நானே இந்த மண்ணில் வேர் பிடித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு.

அந்தச் சித்திரையில் எங்கள் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தோம். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வருகிறது, வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று என் கணவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வேலியை இடுப்பு உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டினார். வெட்டிய தழையை வாரி வாரி அந்தப் பக்கம் காலி சைட்டில் எறிந்தார். முழங்கால் உயரத்துக்குக் குவியல்.

"ஏனுங்க, அதை எரிச்சுப்போடோணுமுங்க" என்றேன்.

"பச்சைத் தழை எப்பிடிப் புடிக்கும்? காயட்டும். ரெண்டு நாள் களிச்சுப் பாத்துக்கலாம்."

ஒறம்பரை வந்தது, விருந்து நடந்தது, போனது. நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். தினமும் காலையில் பல் விளக்கும்போது அந்தக் குவியலைப் பார்த்தேன். நிறம் மாறி, சுருண்டு, காய்ந்துகொண்டு வந்தது. இன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். சாயங்காலம் பரீட்சைப் பேப்பர் திருத்துவேன். ஒரு தீக்குச்சி. நானே கிழித்துப் போட்டிருக்கலாம்.

அந்த வருஷம் எங்கேயும் மேய்ச்சல் இல்லை. வியாழக்கிழமை காலையில் அக்காவின் கணவர் மாட்டைக் கொண்டுவந்து அந்தக் காலி சைட்டில், எங்கள் வேலிக்கு எதிர்க்கோடியில், முளைக்குச்சி அடித்துக் கட்டிவிட்டு, கட்டட வேலைக்குக் கலவை சுமக்கப் போயிருக்கிறார். குவியல் இந்தப் பக்கம், பார்த்தீனியப் புதருக்குப் பின்னால் கிடந்தது. அவர் கண்ணுக்குப் பட்டிருக்காது. பட்டிருந்தால் கட்டியிருக்க மாட்டார். மாடு இழுத்த இழுப்பில் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டது.

நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கூட்டம் நின்றது. மாடு காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. வாயில் நுரை. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ற தாயி, என்ற தாயி" என்று முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். ஊசி போட்டார். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். அவர் கையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"என்னமோ விஷத்தழை தின்னிருக்கு" என்றார். முளைக்குச்சியோடு கிடந்த கயிற்றையும், சைட்டுக்கு அந்தப் பக்கம் மழையில்லாமல் வாடிக் கிடந்த சோளக்காட்டையும் பார்த்தார். "வாடுன சோளப்பயிரு தின்னாலும் இப்பிடித்தான் ஆகும். காட்டுக்குள்ள பூந்திருக்கும். மாட்டைப் பாத்துக்க ஆளில்லியா?"

அக்கா நிமிர்ந்து தன் கணவரைப் பார்த்தார். அவர் அப்போதுதான் சிமெண்டுக் கையோடு ஓடிவந்து நின்றிருந்தார்.

நான் எங்கள் வேலிக்குப் பின்னால் நின்றேன். எனக்கு இடது கைப் பக்கம் அந்தக் குவியல். ஓரமெல்லாம் கலைந்திருந்தது. குளம்புத் தடம். பாதி மென்று துப்பிய இலைகள். ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

என் கணவர் ஆறு மணிக்கு வந்தார். சொன்னேன். மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் எல்லாம் மாட்டைப் புதைக்கப் போயிருந்தது. தழை சடசடவென்று எரிந்து அடங்கியது. புகை வீட்டுக்குள் வந்து கண் எரிந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு, "இதைப் பத்தி வாயைத் தொறக்காதே கண்ணு" என்றார் என்னிடம். "வேணும்னேவா செஞ்சோம்? ஊருக்குள்ள நம்ம பேரு கெட்டுப்போயிரும்."

மறுநாள் காலையில் அக்காவின் கணவர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, வேலி வெட்டியிருக்காப்பல இருக்குதுங்களே. தழையை என்ன பண்ணுனீங்க?"

"அன்னைக்கே எரிச்சுப்போட்டோமுங்க" என்றேன்.

எனக்குப் பின்னால் கதவோரம் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அந்தப் பொய் அவருக்குப் பயந்து சொன்னதல்ல. நானாகச் சொன்னது. தயாராக வைத்திருந்த மாதிரி நாக்கில் இருந்தது.

அக்காவின் கணவர் சுற்றிக்கொண்டு போய்ச் சாம்பலைப் பார்த்தார். குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் இன்னும் சூடு இருந்திருக்கும். திரும்பி வந்து, "நீங்க சொன்னாச் சரிங்க அம்மிணி. நாந்தேன் எதோ ஒரு ரோசனையில கேட்டுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு குழாயடியில் தினமும் சண்டை. அக்கா தெருவே கேட்கக் கத்துவார். "மத்தியானச் சோத்து நேரத்துல குடிச்சுப்போட்டு எங்கியோ உளுந்து கெடந்திருக்கறே! மாட்டைச் சோளக்காட்டுக்குள்ள உட்டுப்போட்டு!" அவர் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தார். "மாலை போட்ட களுத்தோட பொய் பேசாதே" என்றார் அக்கா. முன்பு குடித்தவர் என்பதால் ஊரில் ஒருவர்கூட அவர் பேச்சை நம்பவில்லை. நம்பியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேப்பர் திருத்தினேன்.

வைகாசி முடிவதற்குள் அவர் ஒரு துணிப்பையோடு கிளம்பிப் போய்விட்டார். கொடுமுடிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு கரும்பு வெட்டப் போகிறார் என்றார்கள். அக்கா ஒரு பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நாங்கள் பாக்கெட் பாலுக்கு மாறினோம். வேலியைப் பார்க்கப் பிடிக்காமல் ஒருநாள் கத்தரியை எடுத்து அடியோடு வெட்டினேன். அன்றைக்கே எரித்தேன். ஒரே மாதத்தில் எல்லாக் கட்டையும் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்தது. வேரோடு தோண்டிப்போடலாம் என்று கணவரிடம் சொன்னதற்கு, "பச்சையா இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் எதுக்குத் தோண்டறே?" என்றார்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கையில் இன்லண்ட் லெட்டரோடு வந்தார். ஆள் இளைத்திருந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போனதால் பேச்சுக்கு நடுவே இருமல்.

"டீச்சரம்மா, அவருக்கு ஒரு கடுதாசி எளுதோணுமுங்க. எனக்கு யாருங்க இருக்கறாங்க எளுத?"

உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெரியவளுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, சென்னிமலைப் பக்கம், தறி ஓட்டுகிற பையன், ஆவணியில் கல்யாணம், அப்பன் வந்து நிற்க வேண்டும். அதுவரைக்கும் பேனா ஒழுங்காக ஓடியது. பிறகு அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க அன்னைக்குக் குடிச்சதை, மாட்டைச் சோளக்காட்டுக்குள்ள உட்டதை, எல்லாத்தையும் நானு மன்னிச்சுப்போட்டேன். இனி அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இப்பிடி எளுதுங்க."

எழுதினேன்.

"மன்னிச்சுப்போட்டேன்னு நல்லாப் பெருசா எளுதுனீங்களா? உங்க கையெளுத்துன்னா அவரு நம்புவாருங்க. உங்க மேல அவருக்கு அம்புட்டு மருவாதி."

கரும்பலகையில் என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் வந்து பாராட்டியிருக்கிறார். அந்தக் கையால்தான், நான் செய்த தவறுக்கு இன்னொருவரை மன்னித்து எழுதினேன். மடித்து, ஒட்டி, முகவரியும் எழுதிக் கொடுத்தேன்.

பதில் ஒரு கார்டில் வந்தது. யாரையோ விட்டு எழுத வைத்திருந்தார். அதையும் படித்துக் காட்ட அக்கா என்னிடம்தான் கொண்டு வந்தார். படித்தேன்: "நான் குடிக்கவில்லை. மாட்டைச் சோளக்காட்டில் விடவில்லை. செய்யாத காரியத்துக்கு யார் மன்னிப்பும் எனக்கு வேண்டாம். அப்பன் என்ற முறைக்குக் கல்யாணத்துக்கு வந்து நின்றுவிட்டுப் போகிறேன்."

"பாத்தீங்களா?" என்றார் அக்கா. "இன்னும் வீம்பு. தப்பைப் பண்ணிப்போட்டு ஒத்துக்க முடியலீங்க அந்த மனுசனுக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அக்கா, அவரு சொல்றது நெசமுங்க" என்றேன். "மாடு தின்னது எங்க அரளித்தழை. நாங்கதான் வெட்டி அந்தப் பக்கம் போட்டிருந்தோம்."

அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் மாடு வளர்த்தவராகக் கேள்வி கேட்டார்.

"எத்தனை நாளுத் தழைங்க?"

"நாலு நாளுங்க."

"காஞ்சுபோச்சுங்களா?"

"காஞ்சுபோச்சுங்க."

"அவரு உங்ககிட்ட வந்து கேட்டாருங்களா?"

"கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எரிச்சுப்போட்டோம்னு சொல்லிப்போட்டனுங்க."

அக்காவின் கை புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு கார்டை என் பக்கம் தள்ளினார்.

"மறுக்கா ஒருக்காப் படிங்க."

படித்தேன். முதல் தடவை படித்தபோது வீம்பாகக் கேட்ட அதே நாலு வரி. நான் முடித்ததும் கார்டை வாங்கி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது சொன்னார்.

"இனி எளுதறதுக்கு வேற ஆளு பாத்துக்கறனுங்க டீச்சரம்மா."

அந்தக் கடைசி 'ங்க'வை அவர் அப்போதும் விடவில்லை.

நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததும் என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு கறவை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு, ஒருவழியாகத் தலையாட்டினார். போய்ச் சொன்னேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மாட்டை எங்கீங்க கட்டறது? சைட்டெல்லாம் ஊடாயிருச்சு. நானு வெடியால மில்லு பஸ்ஸுக்குப் போனா பொளுதோடதான் வாரேன். பாக்கறதுக்கு ஊட்டுல ஆளிருந்தாங்க அப்ப."

கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. நடந்ததை மளிகைக் கடை அம்மாதான் சொன்னார். அக்காவின் கணவர் வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, அதே மாலை. அப்பன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறார். பந்தி முடிந்ததும் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் பொய் சொல்லிவிட்டார், எனக்கு இப்போதுதான் தெரியும், இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அழுதிருக்கிறார்.

"டீச்சர் சொன்னது கெடக்குது. அவங்க யாரோ. நீ என்ற பொண்டாட்டி, நீ நம்பலையே" என்றாராம்.

அதைச் சொல்லிவிட்டு மளிகைக் கடை அம்மா எனக்குப் பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அக்காவின் கணவர் ஊருக்குத் திரும்பும் பஸ் அன்றைக்குச் சாயங்காலம்தான் என்றும் சொன்னார்.

நான் மத்தியானத்திலிருந்தே கேட்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓட்டுவீட்டு வரிசையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தேன். தெருவே பார்த்தாலும் சரி. என்ன சொல்வது என்று நாலைந்து தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாலே முக்கால் மணி இருக்கும். தெருக்கோடியில் அவர் வருவது தெரிந்தது. எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடையை நிறுத்தவில்லை, வேகமாக்கவும் இல்லை. திருப்பத்தில் இடதுபக்கம் இறங்கி, அறுத்த சோளத்தின் கட்டை காலைக் குத்துகிற அந்தக் காட்டு வழியாக, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றிப் போனார்.